காரைக்குடி ஞாயிறு வகுப்பு: டி.என்.ஏ. முறுக்கைப் பிரிக்கும் நொதிகள், கயிறும் கத்தரிக்கோலுமாக

காரைக்குடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் மூலக்கூறு உயிரியல் வகுப்புக்குப் போகலாமா, காசுக்குத் தகுந்த மாதிரி இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் பலரும் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் மொத்தமாக எழுதிவிடுகிறேன். போகலாம், அதுவும் எம்.எஸ்சி. படிப்பவர்களும் நெட் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் என்னைப் போல பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுப்பவர்களும் கண்டிப்பாகப் போகலாம். ஆனால் கடைசிப் பகுதி, ஆர்.என்.ஏ. மாற்றங்கள் பற்றியது, அவசர அவசரமாக ஓடுகிறது. கையில் தரும் அச்சுக் குறிப்பிலும் பிழை இருக்கிறது. இரண்டையும் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

நான் தேவகோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். டி.என்.ஏ. இரட்டிப்பாதல் பாடத்தில் டோப்போஐசோமரேஸ் என்ற நொதியை, ‘முறுக்கைத் தளர்த்தும்’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவதுதான் எல்லாருடைய வழக்கமும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இவ்வளவு பெரிய உலகம் இருக்கிறது என்பதை, அதுவும் அந்த நொதிக்கு மரபணு எவ்வளவு வெளிப்படுகிறது என்பதிலேயே கை இருக்கிறது என்பதை, இந்த வகுப்பு மாதிரி யாரும் எனக்குப் புரிய வைத்ததில்லை.

இடம் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்று. முகப்பைத் தாண்டி உள்ளே போனால் வளவு, அதைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் பாய் விரித்து உட்கார வைக்கிறார்கள், முட்டி வலிக்காரர்களுக்கு நாற்காலி உண்டு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வெயில் காலத்திலும் குளுகுளுவென்று இருக்கிறது. ஒரே குறை, வளவு திறந்த வெளி என்பதால் பத்தரை மணிக்கு மேல் வெளிச்சம் கூடி புரொஜெக்டரில் ஒன்றும் தெரிவதில்லை. நடுவில் ஒரு நாள் அடுத்த வீட்டில் சினிமாப் படப்பிடிப்பு, ஜெனரேட்டர் சத்தத்தில் பாதிப் பாடம் காதில் விழவே இல்லை. அதற்கு இவர்கள் என்ன செய்ய முடியும், அதை நான் கணக்கில் வைக்கவில்லை.

பாடம் எடுப்பவர் ஆராய்ச்சி முடித்த இளம் பேராசிரியை. புரொஜெக்டர் தெரியாததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் முக்கியமான விஷயத்தை அவர் கயிறு வைத்துத்தான் சொல்கிறார். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே கட்டணம் முழுவதையும் கொடுக்கலாம் என்பது என் கருத்து, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு புரி வைத்து முறுக்கிய தடித்த தேங்காய்நார்க் கயிறு. ஒரு முனையை வளவுத் தேக்குத் தூணில் இறுகக் கட்டினார். மறு முனையை ஒரு மாணவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும், சுழல விடக்கூடாது. அப்புறம் நடுவில் இரண்டு புரிக்கும் இடையே ஒரு மர ஸ்கேலைச் செருகி, அதையும் சுழல விடாமல் தூண் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகச் சொன்னார். ஒரு முழம் தள்ளுவதற்குள் ஸ்கேலுக்கு முன்னால் இருக்கும் கயிறு இறுகி இறுகி, தானாகவே மடங்கி முண்டு முண்டாகச் சுருண்டுகொண்டது. பின்னால் விட்டுவந்த பகுதி முறுக்குத் தளர்ந்து தொளதொளவென்று ஆகிவிட்டது. அதற்கு மேல் ஸ்கேல் ஒரு இம்மியும் நகரவில்லை, தள்ளிய பையனுக்கு வியர்த்ததுதான் மிச்சம்.

அந்த ஸ்கேல்தான் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ். மரபணுவைப் படித்து ஆர்.என்.ஏ. படியெடுத்துக்கொண்டே போகும் இயந்திரம். அது இரண்டு இழையையும் பிரித்துக்கொண்டு ஓடும்போது முன்னால் முறுக்கு ஏறுகிறது, பின்னால் முறுக்கு இறங்குகிறது. இதை 1987-இல் லியூவும் ஜேம்ஸ் வாங்கும் எழுதினார்கள் என்று சொல்லிவிட்டு, பலகையில் ஒரு கணக்குப் போட்டார். டி.என்.ஏ.வில் சுமார் 10.5 எழுத்துக்கு, அதாவது கார இணைக்கு, ஒரு சுற்று. நம் செல்லில் பாலிமரேஸ் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 எழுத்து ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 190 சுற்று முறுக்கு முன்னால் சேர்ந்துகொண்டே போகும். தசைக்கு வேண்டிய டிஸ்ட்ரோஃபின் மரபணு இருக்கிறதே, அது 20 லட்சம் எழுத்துக்கும் மேல் நீளம், அதை ஒரு தடவை முழுவதும் படியெடுக்கச் சுமார் 16 மணி நேரம் ஆகிறது. அந்த வழி முழுக்க எத்தனை சுற்று சேரும் என்று வகுத்துப் பாருங்கள், இரண்டு லட்சத்தைத் தொடும். யாராவது உடனுக்குடன் அவிழ்த்துக்கொண்டே வராவிட்டால் அந்த மரபணு பாதி வழிகூடப் போகாது.

இங்கேதான் கத்தரிக்கோல் வருகிறது. இறுகிப்போன பக்கத்தில் ஒரே ஒரு புரியை மட்டும் நறுக்கி, அறுந்த முனையை விரலால் லேசாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கயிறு சர்ரென்று தன்னைத்தானே சுற்றிக்கொண்டு அமைதியானது. டாப்-1 என்ற டோப்போஐசோமரேஸ் நொதி செய்வது இதுதான்: ஓர் இழையை வெட்டுகிறது, முறுக்கு தளர விடுகிறது, மறுபடி ஒட்டிவிடுகிறது. வெட்டிய முனையை அது கைவிடுவதே இல்லை, தன்னிடமுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தோடு அந்த முனையைப் பிணைத்து வைத்துக்கொள்கிறது, அந்தப் பிணைப்பில் இருக்கும் ஆற்றலே திரும்ப ஒட்டுவதற்குப் போதும், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. தேவையில்லை. டாப்-2 வகை இன்னும் துணிச்சலானது. இரண்டு இழையையும் சேர்த்து வெட்டி, அந்த இடைவெளி வழியாக இன்னொரு டி.என்.ஏ.வை நுழைத்து மறு பக்கம் அனுப்பிவிட்டு மூடுகிறது, அதற்கு ஏ.டி.பி. செலவாகிறது. இதையும் இரண்டாவது கயிறு ஒன்றை வைத்துச் செய்து காட்டினார்.

பதினோரு மணிக்குத் தேநீரோடு வந்த வீட்டுக்கார ஆச்சி தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு, “என்னத்தா, நல்ல கயித்தைப் போட்டு இப்புடி அறுத்து வச்சிருக்கீக?” என்று பதறிவிட்டார். “பாடத்துக்குத்தான் ஆச்சி, அடுத்த வாரம் நானே புதுசு வாங்கியாரேன்” என்று பேராசிரியை சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் அன்றைக்கு. கட்டணத்திலேயே அது சேர்த்தி, இதுவும் சொல்ல வேண்டிய விஷயம்தான்.

சரி, வரலாற்றுப் பகுதி சுருக்கம், அது போதும். 1971-இல் ஜேம்ஸ் வாங் ஈ. கோலை பாக்டீரியாவில் முதல் டோப்போஐசோமரேஸைக் கண்டார், 1976-இல் மார்ட்டின் கெல்லர்ட் குழு டி.என்.ஏ. கைரேஸ் என்ற டாப்-2 வகை பாக்டீரியா நொதியைக் கண்டது. நாம் மருந்துக் கடையில் வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் அந்தக் கைரேஸைத்தான் முடக்குகிறது, மனித செல்லில் கைரேஸ் கிடையாது. புற்றுநோய்ப் பக்கம் வந்தால் சீனத்து மரம் ஒன்றிலிருந்து கேம்ப்டோதெசின் என்ற பொருளை 1966-இல் மன்றோ வாலும் மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வானியும் பிரித்தெடுத்தார்கள். டாப்-1 வெட்டிய இடத்தில் போய் இது ஆப்பு மாதிரி உட்கார்ந்துகொண்டு, மறுபடி ஒட்ட விடாமல் செய்கிறது. டோப்போடெகான், இரினோடெகான் எல்லாம் இதன் வழி வந்த மருந்துகள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோத்தபோடைட்டிஸ் என்ற சிறு மரத்திலும் அதே கேம்ப்டோதெசின் இருக்கிறது என்று அவர் சொன்னபோது, தாவரவியல் பிள்ளைகள் அத்தனை பேரும் பேனாவை எடுத்தார்கள்.

மரபணு வெளிப்பாடு பற்றிய நாள்தான் இந்த வகுப்பின் உயிர். முறுக்கு என்பது வெறும் இடைஞ்சல் இல்லை, அதுவே ஒரு சைகை என்பதை பாக்டீரியாவிலிருந்து தொடங்கினார். கைரேஸ் டி.என்.ஏ.வில் எதிர்முறுக்கை, அதாவது இயல்பான சுருளுக்கு எதிர்த்திசை முறுக்கை, ஏற்றுகிறது, டோப்போஐசோமரேஸ்-1 அதைக் குறைக்கிறது. இப்போது டி.என்.ஏ. தளர்ந்துவிட்டால் கைரேஸ் மரபணுக்களே அதிகமாகப் படிக்கப்படுகின்றன, கைரேஸ் கூடுகிறது, முறுக்கு பழைய நிலைக்கு வருகிறது. எதிர்முறுக்கு மிஞ்சினால் மற்ற நொதியின் மரபணு வேகம் எடுக்கிறது. மென்செல்லும் கெல்லர்ட்டும் 1983-இல் கைரேஸ் பற்றி எழுதிய ஆய்வு இது. முறுக்கை மாற்றும் நொதியின் உற்பத்தியை அந்த முறுக்கே தீர்மானிக்கிறது! இதை அவர் சொன்னதும் பின்வரிசையில் இருந்த ஒரு பெண் “அப்போ மத்த மரபணுவெல்லாம் சும்மா இருக்குமா மேடம்?” என்று கேட்டாள் பாருங்கள், அந்தக் கேள்வியிலிருந்துதான் மீதி வகுப்பு முழுவதும் போயிற்று.

சும்மா இருக்காதுதான். நம் மூளைக்கு வந்தார். நரம்பு செல்லில் டோப்போடெகானைக் கொடுத்து டாப்-1-ஐ முடக்கினால் எல்லா மரபணுவும் ஒரே அளவாகக் குறைவதில்லை, நீளமானவைதான் அடி வாங்குகின்றன. 2013-இல் வட கரோலினாவில் செய்த ஆய்வில், 2 லட்சம் எழுத்துக்கு மேல் நீளமுள்ள மரபணுக்கள் ஏறக்குறைய எல்லாமே குறைந்தன, அவற்றில் பல ஆட்டிசத்தோடு தொடர்புள்ளவை என்று ஏற்கெனவே தெரிந்தவை. கயிற்றையும் அந்த ஸ்கேலையும் கண்ணால் பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை, ஓட வேண்டிய தூரம் கூடக்கூட அவிழ்ப்பவரின் தேவையும் கூடுகிறது.

அதே குழுவினர் அதற்கு முன் 2012-இல் வெளியிட்டது இன்னும் வியப்பு. யூ.பி.இ.-3-ஏ என்ற மரபணுவில், நரம்பு செல்களில் அம்மாவிடமிருந்து வந்த பிரதி மட்டும் வேலை செய்யும், அப்பாவின் பிரதி வாயடைத்துக் கிடக்கும், ஏனென்றால் எதிர்த்திசையில் படிக்கப்படும் மிக நீளமான ஓர் ஆர்.என்.ஏ. அதை அமுக்கி வைத்திருக்கிறது. அம்மாவின் பிரதி பழுதானால் ஏஞ்சல்மன் நோய்க்குறி என்ற வளர்ச்சிக் குறைபாடு. எலியின் நரம்பு செல்களில் டோப்போடெகான் கொடுத்தபோது அந்த நீள ஆர்.என்.ஏ. குறைந்து, அப்பாவின் பிரதி விழித்துக்கொண்டது. முன்வரிசையில் இருந்த ஒருவர், அவர் வீட்டில் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தை இருக்கிறது போல, “அப்ப இதை மருந்தாக் குடுக்கலாமா?” என்று கேட்டார். பேராசிரியை அவசரப்பட்டு நம்பிக்கை கொடுக்கவில்லை. அந்த மருந்து மற்ற நீள மரபணுக்களையும் சேர்த்துக் குறைத்துவிடும், எலியில் பார்த்தது சிகிச்சை ஆகாது என்று பொறுமையாக, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். ஒரு ஆசிரியையிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம் அது.

டாப்-2 வகையில் ஒன்றான டாப்-2-பீட்டா பற்றியும் நன்றாகச் சொன்னார். நரம்பு செல் தூண்டப்பட்டதும் சில மரபணுக்கள் நிமிடங்களில் எழுந்தாக வேண்டும், ஃபாஸ் மாதிரியானவை. அவற்றின் தொடக்கப் பகுதியில் இந்த நொதி இரண்டு இழையையும் வெட்டுவதால்தான் அவை சட்டென்று எழுகின்றன என்று 2015-இல் எம்.ஐ.டி.யில் லீ-ஹுயி சாய் குழு காட்டியது. டி.என்.ஏ. முறிவு என்றாலே ஆபத்து என்று மட்டும் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறோம், செல்லே வேண்டுமென்று முறித்து வேலை வாங்குகிறது என்பதை அடுத்த வருடம் என் பிள்ளைகளுக்கு நிச்சயம் சொல்வேன்.

இப்போது குறைக்கு வருகிறேன். ஆர்.என்.ஏ. மாற்றங்களுக்கு ஒதுக்கியது கடைசி நாளின் மதிய நேரம் மட்டும். ஆனால் விஷயம் அங்கேதான் கனக்கிறது. ஆர்.என்.ஏ. எழுதப்பட்ட பிறகு, எழுதிக்கொண்டிருக்கும்போதே கூட, அதன் அடினோசின் எழுத்துகள் சிலவற்றின் மேல் ஒரு மெத்தில் தொகுதி ஒட்டப்படுகிறது, எம்-6-ஏ என்பார்கள். ஒட்டுவது மெட்டில்-3, மெட்டில்-14 என்ற ஜோடி, நீக்குவதற்கு எஃப்.டி.ஓ. மாதிரி நொதிகள், படிப்பதற்கு ஒய்.டி.எச். வகைப் புரதங்கள். ஒட்டிய அடையாளத்தைப் பொறுத்து அந்த ஆர்.என்.ஏ. எவ்வளவு நாள் நிலைக்கும், அதிலிருந்து எவ்வளவு புரதம் வரும் என்பதெல்லாம் மாறும்.

இதற்கும் கயிற்று முறுக்குக்கும் என்ன சம்பந்தம்? வேகம். பாலிமரேஸ் தேவையானதைவிட மெதுவாக ஓடினால் அந்த ஆர்.என்.ஏ.வில் எம்-6-ஏ கூடுகிறது, அதனால் அதிலிருந்து புரதம் உருவாவது குறையலாம் என்று 2017-இல் நெதர்லாந்தில் ரெவுவென் அகாமி குழு எழுதியது. முறுக்கு அவிழாவிட்டால் பாலிமரேஸ் திணறும் என்பது நமக்கு முன்பே தெரியும். ஆக, டி.என்.ஏ.வை அவிழ்க்கும் நொதி சுணங்கினால் எத்தனை ஆர்.என்.ஏ. வருகிறது என்பதோடு, வருகிற ஆர்.என்.ஏ.வின் மேல் என்ன குறி விழுகிறது என்பதும் மாற இடமிருக்கிறது. இவை தனித்தனியாக நிறுவப்பட்ட இரண்டு விஷயங்கள், சேர்த்துப் பார்க்கும் பாலத்தை நாம் போடுகிறோம், அதை நிறுவியதாக எழுதிவிடாதீர்கள் என்று அவர் எச்சரித்தார். சரியான எச்சரிக்கை. ஆனால் இதையெல்லாம் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டு ஓடினார், பாதிப் பேர் எழுதக்கூட முடியவில்லை.

டாப்-3-பீட்டாவுக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு, எனக்கு இதில்தான் வருத்தம். மனிதனிடம் இருக்கும் ஆறு டோப்போஐசோமரேஸ்களில் இது ஆர்.என்.ஏ. மேலேயே வேலை செய்யக்கூடியது. டி.டி.ஆர்.டி.-3 என்ற புரதத்தோடு கூட்டுச் சேர்ந்து, எஃப்.எம்.ஆர்.பி.யோடும் தொடர்பு வைத்திருக்கிறது, அந்த எஃப்.எம்.ஆர்.பி. இல்லாமல் போவதுதான் ஃபிரஜைல் எக்ஸ் என்னும் அறிவு வளர்ச்சிக் குறைபாடு. வட ஃபின்லாந்து மக்களிடையே இந்த டாப்-3-பீட்டா மரபணு விடுபட்டுப்போவதற்கும் ஸ்கிட்சோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய்க்கும் தொடர்பு இருப்பதாக 2013-இல் கண்டார்கள். டி.என்.ஏ.வுக்கென்று நாம் நினைத்த ஒரு நொதிக் குடும்பம் ஆர்.என்.ஏ.வையும் கையாள்கிறது என்றால் அதற்கு ஒரு காலை முழுவதும் ஒதுக்க வேண்டாமா? வகுப்பு முடிந்ததும் நேரிலேயே கேட்டேன். அடுத்த அணியில் வரலாற்றைக் குறைத்துவிட்டு இதைக் கூட்டப் பார்க்கிறேன் என்றார்.

அச்சுக் குறிப்பு. இதை மாற்றியே ஆக வேண்டும். மனித நொதிகள் அட்டவணையில் கைரேஸைச் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள், டாப்-2 படத்தில் ஒரே ஓர் இழைதான் வெட்டுப்பட்டிருக்கிறது. பலகையில் அவர் திருத்திச் சொன்னார், ஆனால் வகுப்புக்கு வராமல் குறிப்பை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துப் படிக்கிற பிள்ளை நெட் தேர்வில் தப்பாகத்தான் எழுதும். நிர்வாகத்தில் சொன்னால், போன வருடம் அடித்தது மீதம் இருக்கிறது, தீரட்டும் என்கிறார்கள். இந்தப் பதில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பாடத்தில் தவறு என்று தெரிந்த பின் அதை விநியோகிக்கக் கூடாது, ஒரு திருத்தத் தாளாவது வைத்துக் கொடுக்க என்ன செலவு?

பாட மொழி தமிழும் ஆங்கிலமும் கலந்தது. கலைச்சொல்லை ஆங்கிலத்தில் சொல்லி உடனே தமிழில் விளக்குகிறார், தமிழ் வழியில் படித்துவிட்டு அழகப்பா பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர்ந்து மூச்சுத் திணறும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. வந்தவர்களில் பாதி அப்படிப்பட்டவர்கள்தான். கேள்வி கேட்டால் யாரையும் மட்டம் தட்டுவதில்லை.

முறுக்கு, எழுத்து, சுற்று என்று அடிப்படை தெரிந்திருந்தால் போதும், ஆனால் படியெடுத்தல் என்றால் என்னவென்றே தெரியாமல் வந்தால் இரண்டாம் வகுப்பிலேயே தொலைந்துபோவீர்கள், அதனால் பிளஸ் டூ மூலக்கூறு மரபியல் பாடத்தை ஒரு தடவை புரட்டிவிட்டு வாருங்கள். பிளஸ் டூ பிள்ளைகளை நேரடியாக இதில் சேர்க்க வேண்டாம், அவர்களுக்குக் கயிற்று வகுப்பு மட்டும் போதும், ஆசிரியர்கள் பார்த்துவிட்டுப் போய்ப் பள்ளியில் செய்து காட்டலாம். கயிறு இரண்டு புரிதானா என்று பார்த்து வாங்குங்கள், மூன்று புரிக் கயிற்றில் இது சரியாக வராது.

ஒன்பதரைக்கு ஆரம்பம், ஒன்பதே காலுக்குள் போய்விட்டால் தூண் பக்கம் இடம் கிடைக்கும், அங்கிருந்துதான் கயிறு நன்றாகத் தெரியும். வண்டியைத் தெருவில் கோயில் பக்கம் விடுங்கள், வீட்டு வாசலில் விட்டால் ஆச்சி எடுக்கச் சொல்லிவிடுவார்.